பாதித் தாளை வெறுமையாக விடச் சொன்ன ‘அப்புறம் டீச்சரு’க்கு

வயதில் மூத்தோரைப் பல்கலைக்கழகப் படிப்புக்கு ஆயத்தம் செய்யும் எங்கள் மாலை நேர மையத்தில், எழுத்துப் பயிற்சி ஆசிரியராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அரும்பணியாற்றி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் பெருமதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, உடன் பணியாற்றிய நாங்கள் உள்ளம் நெகிழ்ந்து, உவகை பொங்கி, ஒருங்கே வாசித்தளிக்கும் மடல்.

எண்ணியதை எழுத அஞ்சியோருக்கு எழுதுகோல் எடுத்துக் கொடுத்தவரே! பணிமனையிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும், தையற்கூடத்திலிருந்தும் தங்கும் விடுதியின் சமையற்கூடத்திலிருந்தும், பகலெல்லாம் பாடுபட்டு மாலையில் மாடியேறி வந்த மாணவ மாணவியரை, மனம் கோணாமல், முகம் சுளிக்காமல், மடக்கி மடக்கிக் கேட்டே மேலேற்றிய மாண்பே! வினாக்களின் விளைநிலமே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

இந்த வரிகளைக் கேட்டதும் உங்கள் வலது கை தானாகவே பென்சிலைத் தேடும் என்பது எங்களுக்குத் தெரியும். “விளைநிலம் சரி, மாண்பு சரி, தகவல் எங்க?” என்று உதடு அசைவதும் மேடையிலிருந்தே தெரிகிறது. சற்றே பொறுத்தருள்க. பாராட்டு மடல் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று நம் முதல்வர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதை எழுதும் பொறுப்பு முதலில் மொழி ஆசிரியர்களிடம்தான் போனது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்த, அவர் திருத்தியதை மூன்றாமவர் திருத்த, கடைசியில் மூவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத நிலை வந்துவிட்டதால், உங்கள் எதிர் மேசைக் கணக்கு வாத்தியாரான என் தலையில் வந்து விழுந்தது. எழுதிய கை மட்டும் என்னுடையது. சொல்லும் மனமும் எல்லோருடையவை.

மாணவர்கள் உங்கள் முதுகுக்குப் பின்னால் உங்களை ‘அப்புறம் டீச்சர்’ என்று அழைப்பதை நீங்கள் அறிவீர்கள் என்று நாங்களும், அறியமாட்டீர்கள் என்று அவர்களும் இத்தனை காலமாக நம்பி வந்தோம். இன்று அந்தப் பெயரை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறோம். யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும், படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி, “அப்புறம்?” என்று கேட்பீர்களே, அந்த ஒரு சொல்லுக்காகப் பிறந்த பெயர் அது. நம் அலுவலக எழுத்தர் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்த விடுப்பு விண்ணப்பம் தவறுதலாக உங்கள் மேசைக்கு வந்தபோது, அதன் ஓரத்திலும் “எப்போதிலிருந்து? மருந்து சாப்பிட்டீர்களா? அப்புறம்?” என்று எழுதி அனுப்பியதோடு நில்லாமல், அன்று மாலையே அவர் வீட்டு வாசலில் போய் நின்றவர் நீங்கள். காய்ச்சல் இல்லாத எழுத்தர் பட்ட பாட்டை இந்த அவையில் விரிவாகச் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எளிமையின் இருப்பிடமே! நமக்கென்று ஒரு சொந்தக் கட்டடம் இன்றுவரை கிடையாது. பகலில் சின்னப் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியின் மாடிதான் நமக்கு. அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது நம் மாணவர்கள் ஏறுவார்கள். சுவரில் யானைப் படம், பெருக்கல் வாய்பாடு, பல் துலக்குவது எப்படி என்ற விளக்கப்படம். பெஞ்சுகள் எல்லாம் ஆறு வயதுக்கு அளவெடுத்துச் செய்தவை. நாற்பதும் ஐம்பதும் கடந்தவர்கள் முழங்காலைக் காதுவரை மடக்கி அதில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஒரே ஒரு பருவத்துக்கென்று தற்காலிகமாக வந்த நீங்கள், முதல் நாளில் சிரிக்கவில்லை. நீங்களும் ஒரு பெஞ்சில் அப்படியே உட்கார்ந்து பார்த்தீர்கள். எழுந்திருக்க முடியாமல் போய், இருவர் கைகொடுத்துத் தூக்கிய பிறகு, “இனிமே எல்லாரும் மேசை மேல உக்காருங்க, பெஞ்சுல காலை வச்சுக்கோங்க” என்று சட்டம் போட்டீர்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றார். அவரையும் ஒரு மேசை மேல் உட்கார வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தீர்கள். அந்த ஒரு பருவம் இன்றுதான் முடிகிறது.

வந்தவர்களிடம் முதல் வகுப்பில் நீங்கள் இலக்கணம் கேட்டதில்லை. “கடைசியா யாரோட வாதாடி ஜெயிச்சீங்க? அதை எழுதுங்க” என்பீர்கள். அடையாள அட்டை இல்லாமல் வந்த தன் மேலாளரையே வாசலில் நிறுத்திய கதையைக் காவலாளி ஒருவர் எழுதுவார். மாமியாரை மருத்துவரிடம் அழைத்துப்போகச் சம்மதிக்க வைத்ததை ஒரு மருமகள் எழுதுவார். “இதுதாங்க கட்டுரை. ஒருத்தர நம்ப வைக்கிறது. இத நீங்க வருஷக்கணக்கா வாயால பண்ணிக்கிட்டு இருக்கீங்க, இனிமே தாள்ல பண்ணப் போறீங்க” என்று நீங்கள் சொல்லும்போது, அதுவரை சுவர்ப்படத்து யானையையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவதை, பக்கத்து அறையில் பின்னம் நடத்திக்கொண்டே சன்னல் வழியாகப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்குப் பொறாமையாகவும் இருந்திருக்கிறது.

ஓரத்தை உயர்த்திய உத்தமியே! நம் மையத்தின் புகழ்பெற்ற பாதித் தாள் வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இம்மடல் நிறையாது. தாளை நெடுக்காக மடிக்க வேண்டும். வலப்பக்கப் பாதியில் மட்டும் எழுத வேண்டும். இடப்பக்கப் பாதி முழுக்க உங்களுக்கு. அதில் நீங்கள் பென்சிலால் எழுதுவீர்கள், கேள்விகளை மட்டும். அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது, ‘தவறு’ என்ற சொல் கிடையாது. ‘யார் சொன்னது?’ ‘எப்படித் தெரியும்?’ ‘எதிர்க்கட்சிக்காரர் இதற்கு என்ன சொல்வார்?’ ‘இதையே மேலேயும் சொன்னீர்களே?’ கடைசியில் தவறாமல் ஓர் ‘அப்புறம்?’ அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதி, அடுத்த வாரம் புதுத் தாளில், மறுபடியும் பாதியில், மறுபடியும் கட்டுரை.

விடுதியில் சமையல் செய்யும் அம்மா ஒருவர், இடப்பக்கம் நிரம்பி வழிந்த தன் முதல் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, அழாத குறையாக நம் ஆசிரியர் அறைக்கு வந்தது நினைவிருக்கிறதா? “டீச்சர், அவ்வளவு மோசமாவா இருக்கு? நான் எழுதினதவிட நீங்க கேட்டது ஜாஸ்தியா இருக்கே!” என்றார். “நல்லா இருக்கிறதாலதாம்மா கேக்கிறேன். மோசமா இருந்தா எனக்குக் கேக்கிறதுக்கே ஒண்ணும் தோணாது” என்றீர்கள். அவர் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டி வைத்தாராம். பின்னாளில் அவர் பட்டம் பெற்று வந்து இனிப்பு கொடுத்தபோது சொன்னது இது.

இப்படிப்பட்ட வெற்றிகளை மட்டும் அடுக்கிவிட்டு, பல்லாண்டு வாழ்க என்று முடித்தால் இந்த மடலை நீங்கள் ஏற்கமாட்டீர்கள். “நடந்ததுல பாதியத்தான் எழுதியிருக்கீங்க” என்பீர்கள். ஆகவே, நம் மையம் தலைகுனிந்த அந்தப் பருவத்தையும், அதில் நீங்கள் தலைநிமிர்ந்த விதத்தையும் சொல்லியே ஆகவேண்டும். இந்த அரங்கில் மூன்றாம் வரிசையின் ஓரத்தில், மாலைப் பணிக்கான சீருடையோடு ஒருவர் அமர்ந்திருக்கிறார். நகரப் பேருந்து ஓட்டுநர். சொல்லலாம் என்று அவர் தலையசைத்துவிட்டார்.

அவர் உங்களைவிடச் சில வயது இளையவர். அவர் உங்களை ‘டீச்சர்’ என்பார், இருந்தும் நீங்கள் அவரை ‘அண்ணே’ என்பீர்கள். வந்த புதிதில் நாலு வரிக்கு ஒருமுறை பத்தியை முடித்துவிடுவார். “அண்ணே, இந்த இடத்துல எதுக்கு நிறுத்துனீங்க? யாரும் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்லயே?” என்று ஓரத்தில் நீங்கள் எழுதியதைப் படித்து, வகுப்பே அதிர அவர் சிரித்தார். அந்த ஆண்டின் முடிவில், ஒரு கருத்தை எடுத்தால் அதை இரண்டு பக்கம் நிற்காமல் ஓட்டிச் செல்பவராக ஆகியிருந்தார். வரலாற்றுப் படிப்பில் இடம் கிடைத்தது. முழு நேர வேலையைப் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டு, வீட்டுச் செலவின் சுமையைத் தையல் வேலை செய்யும் மனைவியின் தோளுக்கு மாற்றிவிட்டு, புதுப் பையோடு பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அந்த ஆண்டில்தான் அங்கே முதல் பருவத் தேர்வை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கையால் எழுதித் தரும் கட்டுரைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். “நம்ம ஆளுங்களுக்குக் கட்டுரை தண்ணி பட்ட பாடு” என்று நம் ஆசிரியர் அறையில் நாம் தேநீர்க் கோப்பைகளை உயர்த்திக் கொண்டாடினோம். நம் மாணவர்களும் உற்சாகமாக எழுதினார்கள். எப்படி எழுதினார்கள்? தாளை நெடுக்காக மடித்து, வலப்பக்கத்தில் மட்டும் எழுதி, இடப்பக்கத்தை வெறுமையாக விட்டு, அத்தனை பேரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உலகத்தில் எல்லாக் கட்டுரைகளும் அப்படித்தான் எழுதப்படும் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அங்கே முழுத் தாளில் எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்ப நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பக்க எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்காகப் பாதித் தாளைக் காலியாக விட்ட ஏமாற்று வேலை என்று அங்குள்ள விரிவுரையாளர் நினைத்துவிட்டார். எல்லோருக்கும் தோல்வி மதிப்பெண். பருவம் முடிவதற்குள் திருத்தி எழுதித் தந்தால் தொடரலாம். தராவிட்டால் இடம் போய்விடும். மற்றவர்கள் முழுத் தாளில் படியெடுத்துக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டார்கள். ஓட்டுநர் மட்டும் வகுப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

நமக்கு அது தெரியவந்தது அவர் மனைவி மூலமாகத்தான். அளவெடுக்கும் நாடா கழுத்தில் தொங்க, கடையிலிருந்து நேராக வந்திருந்தார். “இவரு காலேஜுக்குப் போறதில்ல டீச்சர். கேட்டா, ஷிஃப்ட் மாறிடுச்சுங்கிறாரு. டெப்போவுல போய் விசாரிச்சேன், ஒண்ணும் மாறல. அந்தக் கட்டுரை திரும்பி வந்த நாள்லருந்து இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்காரு. மார்க்குக்காக இல்லயாம். ‘இடது பக்கத்துல யாரும் ஒண்ணுமே கேக்கல’ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்கதான தயார் பண்ணி அனுப்புனீங்க? என்னத்துக்குத் தயார் பண்ணீங்க?” என்றார்.

அவர் போன பிறகு நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் பல்கலைக்கழகத்தைத் திட்டினோம். பெரிய இடம் என்ற திமிர், மூத்த மாணவர்களை மதிக்கத் தெரியாதவர்கள், எழுத்தின் அருமை அறியாதவர்கள் என்று ஆளுக்கொன்று சொன்னோம். நீங்கள் மட்டும் எங்கள் சப்பைக்கட்டு முழுவதையும் கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றினீர்கள். “அந்தம்மா கேட்டது நல்ல கேள்வி. பதில் நம்மகிட்ட இல்ல. நான் போய்ப் பாத்துட்டு வரேன்” என்றீர்கள்.

அஞ்சாமையின் அணிகலனே! சேமித்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக வாசலில் போய் நின்றீர்கள். விரிவுரையாளர் உங்களை ஏற இறங்கப் பார்த்து, “அட்மிஷன் முடிஞ்சு போச்சும்மா, அடுத்த வருஷம் வாங்க” என்றாராம். பாதித் தாளின் கதையை நீங்கள் விளக்கியதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை, தலைக்கு மேல் வேலை உள்ளவர் என்று நீங்களே பிறகு எங்களிடம் சொன்னீர்கள். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: முதலாண்டு வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுத வேண்டும், அது பெயரில்லாமல் மற்றக் கட்டுரைகளின் கட்டோடு கட்டாகத் திருத்தப்பட வேண்டும். அவர் தயங்கித் தயங்கிச் சம்மதித்தார்.

எழுத்துப் பயிற்சி ஆசிரியரின் கட்டுரைக்கு என்ன மதிப்பெண் வந்தது என்பதை இங்கே எண்ணால் சொல்லக் கணக்கு வாத்தியாருக்கு மனம் வரவில்லை. தேறிவிட்டீர்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும். வேறு யாராக இருந்தாலும் அந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டிருப்பார்கள். நீங்கள் அதை நம் அறிவிப்புப் பலகையில் ஊசி குத்தி வைத்துவிட்டு, மூக்குடைபட்டதைப் பற்றி நீங்களே முதலில் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்:

“எழுதிக்கிட்டு இருக்கும்போதே, யாராவது கேப்பாங்க, அப்ப சொல்லிக்கலாம்னு பாதி விஷயத்த உள்ளயே வச்சுக்கிட்டேன். எனக்கே அப்படின்னா அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அங்க ஓரத்துல யாரும் வரமாட்டாங்க. ஒரு நம்பரப் போட்டுக் குடுத்துடுவாங்க. நாம இங்க பதில் சொல்லத்தான் பழக்கியிருக்கோம். அவங்க கேக்க வேண்டிய கேள்வியெல்லாம் சேத்து நானே கேட்டுட்டேன்.”

உங்கள் பெயரும் புகழும் எந்த வழக்கத்தின் மேல் நின்றதோ, அதையே நீங்கள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தீர்கள். எங்களுக்கு உங்கள் மேல் இருந்த மதிப்பு பயமாக மாறியது அன்றுதான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

பருவம் முடிய அதிக நாள் இல்லை. ஓட்டுநர் மையத்துக்கு வரமாட்டேன் என்றார், தொலைபேசியை எடுக்கவில்லை. நீங்கள் அவர் ஓட்டும் பேருந்தில் ஏறிவிட்டீர்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு, முன் இருக்கையில் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை போனீர்கள். எல்லோரும் இறங்கிய பிறகு, வண்டி திரும்புவதற்கு முன் ஓட்டுநர்கள் தேநீர் குடிக்கும் அந்தச் சிறிய இடைவேளையில், அவருடைய அதே கட்டுரையை ஸ்டியரிங் மேல் வைத்து, கையில் ஒரு பென்சிலையும் கொடுத்தீர்கள். கட்டுரை உங்களிடம் எப்படி வந்தது என்று அவர் கேட்கவே இல்லை. வீட்டில் யார் எடுத்துக் கொடுத்திருப்பார் என்று அவருக்குத் தெரியும்.

“இடது பக்கம் காலியா இருக்கு அண்ணே. நீங்களே கேளுங்க.”

“என்ன டீச்சர் விளையாடுறீங்களா? நான் எழுதினத நானே எப்படிக் கேக்கிறது?”

“வண்டி ஓட்டும்போது கண்ணாடியில பின்னால பாக்கிறீங்கல்ல?”

“பாக்கிறேன்.”

“ஓட்டுறதும் நீங்கதான், பாக்கிறதும் நீங்கதான். அதுக்குன்னு வேற ஆளா வச்சிருக்கீங்க?”

அவர் கோபத்தோடு பென்சிலை எடுத்து, தன் முதல் பத்திக்குப் பக்கத்தில் ‘இதை ஏன் சொல்கிறேன்?’ என்று எழுதினாராம். பிறகு அந்தப் பத்தி முழுவதையும் அவரே அடித்துவிட்டார். அன்று வண்டி தாமதமாகத்தான் திரும்பியது. அடுத்தடுத்த மாலைகளில் நீங்கள் அதே வண்டியில் போனீர்கள். நீங்கள் ஒரு கேள்வியும் எழுதவில்லை, ஒரு சொல்லும் திருத்தவில்லை. கடைசி நிறுத்தத்தில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தீர்கள் என்பது ஓட்டுநரின் வாக்குமூலம்.

கட்டுரை உரிய நேரத்தில், முழுத் தாளில், போய்ச் சேர்ந்தது. கதைகளில் வருவதுபோல் முதல் மதிப்பெண் ஒன்றும் வந்துவிடவில்லை. நடுத்தரமான ஒரு மதிப்பெண் வந்தது. ஆனால் இடம் தங்கியது. செய்தி கேட்ட அன்று அவர் மனைவி மறுபடி வந்தார். இந்த முறை நாடா கழுத்தில் இல்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நீங்கள் “அப்புறம்?” என்று கேட்காத ஒரே தருணம் அதுதான்.

அதன் பிறகு நீங்கள் நம் படிப்பையே புரட்டிப் போட்டீர்கள். முதல் பருவத்தில் ஓரம் உங்களுடையது. இரண்டாம் பருவத்தில் பாதி உங்களுடையது, பாதி மாணவருடையது. கடைசிப் பருவத்தில் நீங்கள் பென்சிலைத் தொடுவதே இல்லை. தாமே கேட்டு, தாமே பதில் எழுதி, பிறகு முழுத் தாளில் சுத்தப் பிரதி எடுத்துத் தர வேண்டும். மாணவர்கள் கொதித்துப் போனார்கள். “டீச்சருக்கு வயசாயிடுச்சு, வேலை செய்ய முடியல, எங்க தலையில கட்டுறாங்க” என்று முதல்வரிடம் புகார் போனது. முதல்வர் உங்களை அழைத்து நயமாகக் கேட்டபோது, “கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போறவ வாசல்ல விட்டுடணும் சார். உள்ளயும் நானே போனா எதுக்கு ஆயத்தம்?” என்றீர்கள். முதல்வர் புகாரை மடித்து மேசைக்குள் போட்டுவிட்டார்.

விரிவுரையாளரையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு கேள்வியாவது எழுதித் தரும்படி கேட்டு அவரை நச்சரித்தீர்கள். அவரும் ஒப்புக்கொண்டு, கட்டுக்குள் இருந்த எல்லாக் கட்டுரைகளிலும் ‘ஏன்?’ என்று ஒரே கேள்வியை எழுதி அனுப்பினார். ஒன்றுமில்லாததற்கு அது மேல் என்று நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். இப்போது அவர் இரண்டு கேள்விகள் எழுதுகிறார் என்று கேள்வி. இன்று அவரும் இந்த அவைக்கு வந்திருக்கிறார். அவர் சிரிப்பதால் இதைப் படித்தது தவறில்லை என்று நினைக்கிறோம்.

நம் ஆயத்தப் படிப்பு எந்த அளவுக்கு ஆயத்தம் செய்கிறது என்று வெளியிலிருந்து கேட்க வருபவர்களிடம், நாம் முன்பெல்லாம் தேர்ச்சி விழுக்காட்டை நீட்டுவோம். நீங்கள் அதை நிறுத்தச் சொன்னீர்கள். இன்றும் சிலர் முதல் பருவத்தில் தடுமாறுகிறார்கள். சிலர் படிப்பை விட்டுவிடுகிறார்கள். அப்படி யாராவது விட்டுவிட்டால், அவர்களைத் தேடிப்போய், எதற்கு நாம் தயார் செய்யவில்லை என்று கேட்டு வந்து பாடத்தில் சேர்க்கிறோம். படித்து முடித்தவர்களின் வெற்றியால் மட்டும் தன்னை அளந்துகொள்ளாத ஆசிரியர் ஒருவரோடு வேலை செய்தோம் என்பது எங்கள் வாழ்நாள் பெருமை. இதை அடைமொழி எதுவும் இல்லாமலே சொல்கிறோம்.

குறையும் உண்டு. நீங்கள் இருந்த கூட்டம் எதுவும் குறித்த நேரத்தில் முடிந்ததில்லை. தேநீரை ஆறவிட்டு, ஆறிவிட்டது என்று குறைப்பட்டு, அதையே குடிப்பீர்கள். என் பென்சில்கள் எத்தனையோ உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அவற்றை இந்த நன்னாளில் உங்களுக்கே மனமுவந்து வழங்குகிறேன். நாளை மாலை மாடியேறி வரும்போது எதிர் மேசை காலியாக இருக்கும். அதை மறைத்து எழுதத் தெரியவில்லை.

அன்பின் ஆசிரியரே! அவசரமாக மாடியேற வேண்டாத மாலைகளும், ஆறுவதற்கு முன்பே குடித்து முடிக்கும் தேநீரும், படிகளுக்குப் பழிவாங்கத் தெரியாத முழங்கால்களும், உங்களைக் கண்டால் ஓடி ஒளியாத பேரப் பிள்ளைகளும், கண்ணுக்குக் குளிர்ச்சியும் மனத்துக்கு மலர்ச்சியும் உடலுக்கு உறுதியும் உங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும்! நீங்கள் நலமோடு நீடு வாழ நெஞ்சார வேண்டுகிறோம்!

இறுதியாக ஒரு விளக்கம். இம்மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். அதைச் சுமந்து செல்லும் துணிப்பையை ஓட்டுநரின் மனைவி தைத்துத் தந்திருக்கிறார். சட்டத்துக்குள் பார்த்தால், எழுத்து முழுவதும் வலப்பக்கப் பாதியில்தான் இருக்கிறது. இடப்பக்கம் உங்களுக்கு. சட்டத்துக்குக் கண்ணாடியை நாங்கள் வேண்டுமென்றே பொருத்தவில்லை.

ஆனால் இடப்பக்கம் முழுக்கக் காலியாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துப் பார்க்கும்படி ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தேன். இப்போது இறுதியாண்டில் இருப்பவர். பிழை இருந்தால் சொல்வார் என்று நினைத்தேன். மறுநாள் கடைசி நிறுத்தத்திலிருந்து திருப்பிக் கொடுத்தனுப்பியபோது, ஓரம் முழுக்கப் பென்சிலால் கேள்விகள். ‘இது நடந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?’ ‘விரிவுரையாளர் பக்க நியாயம் எங்கே?’ ‘இந்தப் பத்தியில் எதற்கு நிறுத்தினீர்கள்?’ கணக்கு வாத்தியார் மூன்று முறை திரும்ப எழுதினார் என்பதை இந்த அவை அறிய ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதி, பதில் கிடைத்ததை அழித்து, கடைசியில் அழிக்க முடியாமல் ஒன்று மட்டும் தங்கிவிட்டது. ‘இன்றோடு நீங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள்’ என்று நான் எழுதியிருந்த கடைசி வரிக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. ஓட்டுநரின் கையெழுத்து, உங்கள் கேள்வி.

‘அப்புறம்?’

இதற்குப் பதிலை நீங்கள்தான் எழுத வேண்டும், டீச்சர். பென்சிலைச் சட்டத்தோடு நூலில் கட்டித் தந்திருக்கிறோம்.

இன்றோடு நீங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள்.

தங்கள் கேள்விகளால் வளர்ந்த,
முதல்வர், மொழி ஆசிரியர்கள் மூவர் (மீண்டும் பேசிக்கொள்கிறார்கள்), நூலகப் பொறுப்பாளர், காய்ச்சல் குணமான எழுத்தர், எதிர் மேசைக் கணக்கு வாத்தியார், மற்றும் மையத்தின் பணியாளர் அனைவரும்